எலீஷ் தள்ளிப்போட்ட கல்யாணம்

கார்மக் எலீஷை வட்டமேட்டுக்குள்ளிருந்து மீட்டுவந்த கதையை யாராவது என் எதிரில் ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தத் தீபகற்பத்தில் அடுப்பு எரிகிற வீட்டிலெல்லாம் அந்தக் கதை இருக்கிறது. கருப்புப் பிடிக் கத்தி, இசை, வெள்ளைக் குதிரை எல்லாம் இருக்கிறது. குதிரை என்று ஒன்று வரவே இல்லை, அது ஊர் வம்புக்காரி ஹனோரா ஃபோலி சேர்த்தது. நான் கார்மக்கின் அக்கா. எனக்கே கதை சொல்ல வருகிறார்கள்!

எல்லாரும் அவளை அவன் கைப்பிடித்துக் கூட்டிவந்ததோடு கதையை முடித்துவிடுகிறார்கள். கூட்டிவந்த பிறகு அந்தப் பெண் பட்ட பாடு யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவளை அந்தப் பாடு படுத்தியவர்கள் அவர்கள்தான்.

எலீஷ் எங்களுக்கு அடுத்த நிலத்துக்காரர் டைக்கின் மகள். முட்டை விற்பாள். சிவந்த கை, ஒட்டிய கன்னம், யார் என்ன சொன்னாலும் ஒரு புருவத்தைத் தூக்குகிற பழக்கம். எனக்கும் அவளுக்கும் சின்ன வயதிலிருந்தே ஏழாம் பொருத்தம். என் தம்பி அவள் பின்னால் சுற்ற ஆரம்பித்தபோது நான் மூன்று நாள் அவனோடு பேசவில்லை. பத்தொன்பது வயதில் ஒரு மே மாத மாலை கிணற்றுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. குடம் மட்டும் கிடைத்தது, அதுவும் நிறைய தண்ணீரோடு. ஊருக்கு வெளியே வட்டமான மண்மேட்டுக்குள் குடியிருக்கிற நல்ல ஜனங்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று எல்லாருக்கும் புரிந்தது. அவர்களை வேறு பெயர் சொல்லி நாங்கள் அழைப்பதில்லை. அவர்களுக்குக் காது நீளம்.

அக்டோபர் கடைசியில், அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்தின இரவில் மேடு திறக்கும். அன்று கார்மக் போனான். நல்ல ஜனங்களால் இரும்பைத் தொட முடியாது. கொல்லன் பட்டறையில் சேர்ந்த புதிதில் அவனே அடித்த முதல் கத்தியை வாசற்கல் இடுக்கில் செருகிக் கதவு மூடாமல் நிறுத்தி, உள்ளே போய் அவளை இழுத்துவந்தான். அது மட்டும் உண்மை. அதை யார் சொன்னாலும் ஒப்புக்கொள்வேன்.

அன்றிலிருந்து கார்மக் ஊருக்கே ராஜா. எலீஷ் மேல்தான் எல்லார் கண்ணும். போனவள்தான் வந்திருக்கிறாளா, இல்லை அவள் தோலைப் போர்த்திக்கொண்டு வேறொன்று வந்திருக்கிறதா? எங்கள் ஊரில் அப்படி நடந்திருக்கிறது. அப்படி வந்ததை என்ன செய்வார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். காட்டு மணிப்பூவின் விஷச் சாற்றைப் புகட்டுவார்கள். அதற்கு ஓடவில்லை என்றால் பழுக்கக் காய்ச்சிய இடுக்கி.

நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளைக் கவனித்தேன். கவனிக்கக் கவனிக்கச் சந்தேகம் வலுத்தது. முன்பெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தால் அடுப்படி பெஞ்சில் கார்மக்கை இடித்துக்கொண்டு உட்காருவாள். இப்போது சுவரோரமாக நின்றாள். எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. உருளைக்கிழங்கை நான் தட்டில் வைத்தால், "பசிக்கல" என்பாள். ஒட்டிப்போன முகத்தை வைத்துக்கொண்டு பசிக்கவில்லையாம். கார்மக் அவள் கையைத் தொடப் போனால் கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொள்வாள். உயிரைக் கொடுத்து மீட்டுவந்தவனை ஒரு பெண் அப்படி நடத்துவாளா?

போதாததற்கு, அவள் வந்த வாரத்திலிருந்து எங்கள் வீட்டில் வெண்ணெய் திரளவில்லை. பீப்பாயில் பாலாடையை ஊற்றித் தோள் கழன்று விழும்வரை மத்தை மேலும் கீழும் குத்தினாலும் நுரைதான். பசு அதே பசு, புல் அதே புல்.

கார்மக்கோ தங்கமாகிவிட்டான். என் தம்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நடு வீட்டில் பூட்ஸைக் கழற்றிப் போடுகிறவன். என் சமையலைக் குறை சொல்லாமல் ஒருநாள் சாப்பிட்டதில்லை. என்னை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. பேச்சு வந்த நாளிலிருந்து பெயரைச் சொல்லி, அதுவும் 'டி' போட்டுத்தான். அப்படிப்பட்டவன் மேட்டுக்குப் போய் வந்த பிறகு, "அக்கா, உன் ரொட்டி மாதிரி எங்கயும் கிடைக்காது" என்றான். பூட்ஸை வாசலிலேயே கழற்றி வைத்தான். பட்டறைப் புகை நெஞ்சை அடைக்கிறது என்று அந்த வேலையை விட்டுவிட்டு, கடற்கரையில் பாசி சுமக்கப் போனான். நான் சொல்கிற எந்த வேலைக்கும் மறுபேச்சில்லை. பயந்தவன் திருந்திவிட்டான் என்று நினைத்தேன். எந்த அக்காவாவது இதற்கெல்லாம் போய் அழுவாளா?

கல்யாணத்தை எங்கள் பக்கம் சாம்பல் புதனுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். தவக்காலம் வந்துவிட்டால் பாதிரியார் மோதிரத்தைத் தொட மாட்டார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் கார்மக் கல்யாணப் பேச்சை எடுத்தான். பாதிரியாரை வீட்டுக்கே கூப்பிட்டு, இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றான். அதுவும் எங்கள் வழக்கம்தான். எலீஷ், "இப்ப வேணாம்" என்றாள்.

ஏன் என்று கேட்டேன். "உடம்பு சரியில்ல."

அடுத்த வாரம் கேட்டேன். "துணி தைக்கல."

அதற்கடுத்த வாரம், "அப்பாவைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது?" என்றாள். அவள் அப்பா டைக், பெற்ற மகளுக்குப் பயந்து, இரும்பு இடுக்கியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிற மனுஷன். அவளுக்குச் சாப்பாட்டை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். அவரையா தனியாக விட முடியாது?

ஊர் வேறு எப்படி நினைக்கும்? பாதிரியார் முன்னால் நிற்க அதனால் முடியாது, அதனால்தான் தள்ளிப்போடுகிறது என்று பேச ஆரம்பித்தார்கள். 'அவள்' போய் 'அது' ஆகிவிட்டது.

சாம்பல் புதனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஹனோரா ஃபோலி, டின்னி ரூவாவை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். டின்னி ரூவா மூலிகைக்காரர். செந்தாடி, பல் இல்லாத வாய். நல்ல ஜனங்களின் விஷயத்தில் அவர் சொன்னால் பாதிரியார் சொன்னதற்கு மேல்.

"செவ்வாய்க்கிழமைக்குள்ள கல்யாணம் ஆகலைன்னா நாங்க விடமாட்டோம்மா" என்றார் டின்னி. "சாறு தயாரா இருக்கு. நாலு ஆம்பளைங்ககிட்டயும் சொல்லி வச்சாச்சு."

"சாறு குடிச்சும் போகலைன்னா?" என்று கேட்டேன். 

"அடுப்பு இருக்கே" என்றாள் ஹனோரா. தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள், பாவி.

 எலீஷை எனக்குப் பிடிக்காதுதான். ஆனால் நெருப்பு என்றதும், குளிரில் முட்டைக் கூடையோடு நிற்கிற அந்தச் சிவந்த கைகள்தான் கண்ணில் வந்தன. அது அவளாக இருந்துவிட்டால்?

"முதல்ல நான் ஒரு தடவை பார்த்துடறேன். அப்புறம் நீங்க வாங்க" என்றேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் வெண்ணெய் கடைந்துகொண்டிருக்கும்போது யார் உள்ளே வந்தாலும், ஆண்டவர் பெயரைச் சொல்லி வேலையை வாழ்த்திவிட்டு, மத்தை வாங்கி நாலு குத்து குத்திவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஆளுநரே வந்தாலும் அப்படித்தான். குத்தாமல் போகிறவர் வெண்ணெயைக் கையோடு கொண்டுபோகிறார் என்று அர்த்தம். எலீஷ் திரும்பி வந்த பிறகு எங்கள் வீட்டில் கடைகிற நேரத்துக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அதையும் நான் குறித்து வைத்திருந்தேன்.

மறுநாள் காலை பீப்பாயை நடு வீட்டில் வைத்து, அடியில் பழைய லாடம் ஒன்றைப் போட்டேன். மத்தின் தலையில், கை பிடிக்கிற இடத்தில், ஒரு இரும்பு ஆணியை அறைந்தேன். கார்மக்கைக் கடற்கரைக்கு அனுப்பிவிட்டு எலீஷுக்கு ஆள் அனுப்பினேன். அவள் வருவது தெரிந்ததும் குத்த ஆரம்பித்தேன். 

எலீஷ் வாசலில் நின்றாள். பீப்பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு புருவத்தைத் தூக்கினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஆண்டவர் இந்த வேலையை ஆசீர்வதிக்கட்டும்" என்றாள். நேராக வந்து என் கையிலிருந்து மத்தைப் பிடுங்கினாள். ஆணிமேலேயே உள்ளங்கையை வைத்து அழுத்திக் குத்தினாள். நாலு குத்து இல்லை, நிறுத்தவே இல்லை. கொஞ்ச நேரத்தில் பீப்பாய்க்குள் சத்தம் மாறியது. தளும்பல் போய்க் கனமாகத் தொப்பு தொப்பென்று விழுந்தது. மூடியைத் திறந்தால், மூன்று மாதமாக நான் பார்க்காத மஞ்சள்.

"போதுமா, உளவுக்காரி?" என்றாள்.

 அந்த நேரம் பார்த்து வாசலில் கார்மக் வந்து நின்றான், தோளில் பாசிக் கூடையோடு.

எலீஷ் மத்தை என் பக்கம் நீட்டினாள். அவள் குரல் சட்டென்று இறங்கியது. "கோப்னட், உன் தம்பியை ஒரு குத்து குத்தச் சொல்லு."

"அவன் எதுக்குக் குத்தணும்? அவன் வீட்டு ஆளு" என்றேன்.

சொன்ன வாயை மூடவில்லை, எனக்கே உறைத்தது. அந்த வழக்கம் வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான். வீட்டு ஆளை யார் கேட்பார்கள்? நான் கடைகிறபோதெல்லாம் அவன் என்னைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறான். ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. ஊரில் எவளும் அண்ணன் தம்பியைக் கேட்டிருக்க மாட்டாள்.

"வாடா கார்மக்" என்றேன். சிரிக்கப் பார்த்தேன். "ஒரு கை கொடுடா."

அவன் மத்தைப் பார்த்தான். அதன் தலையிலிருந்த ஆணியைப் பார்த்தான். "உன் கை பட்டா போதாதா அக்கா? உன் கையில ஆசீர்வாதமே இருக்கே" என்றான், தேனொழுக. கூடையை இறக்காமலே திரும்பிப் போய்விட்டான்.

என் தம்பியாக இருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். 'உன் வேலையை நீ பாருடி சோம்பேறி' என்று சொல்லிவிட்டு, மத்தைப் பிடுங்கி நாலு குத்துக்குப் பதில் நாற்பது குத்தியிருப்பான்.

மாட்டுக் கொட்டகையில் வைத்துத்தான் எலீஷ் எல்லாவற்றையும் சொன்னாள். பசுவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சால்வை ஓரத்தில் தைத்து வைத்திருந்த லாட ஆணியை விரலால் உருட்டிக்கொண்டே பேசினாள்.

"ரெண்டு பேரும் வெளிய வந்துட்டோம். கத்தியை எடுத்துட்டு வர்றேன்னு திரும்பிப் போனான், மடையன். நான் அடிச்ச முதல் கத்தி, விட்டுட்டு வர மாட்டேன்னான். உள்ள ஒரு காலை வச்சான். அடுத்த நிமிஷம் வெளிய வந்தான், கையில கத்தி இல்ல. கிடைக்கலைன்னு சொன்னான். கத்தி அங்கேயேதான் இருந்துச்சு. என் கண்ணுக்குப் பளபளன்னு தெரிஞ்சுது. வெளிய வந்தது கார்மக் இல்ல, வேற ஒண்ணு; அதால இரும்பைத் தொட முடியல."

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"அன்னிக்கே தெரியும்."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

யோசித்துப் பார்த்தேன். "மாட்டேன். நானே உன்னை டின்னி கையில பிடிச்சுக் கொடுத்திருப்பேன்."

"தெரியும்" என்றாள். அதில் கோபமே இல்லை, அதுதான் என்னைச் சுட்டது. "கல்யாணத்தை ஏன் தள்ளிப்போடறேன்னு இப்பப் புரியுதா? பாதிரியார் முன்னாடி அதுக்குக் கார்மக்குன்னு பேர் விழுந்துட்டா, அந்தப் பேர் அதுக்கே போயிடும். உள்ள இருக்கறவனுக்குத் திரும்பி வர பேரே இருக்காது. மே மாசத்துக்கு முந்தின சாயங்காலம் மேடு மறுபடி திறக்கும். அதுவரைக்கும் எனக்குக் கல்யாணமும் ஆகக் கூடாது, சாவும் வரக் கூடாது."

"அதை இப்பவே அடிச்சுத் துரத்திட்டா?"

"ஒண்ணு உள்ள போனாத்தான் ஒண்ணு வெளிய வரும். துரத்திட்டா எதைக் கொடுத்து அவனை வாங்கறது?" பசுவின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். "அவன் அங்க எதையும் சாப்பிடாம இருக்கணும் கோப்னட், சாப்பிட்டா வெளிய வர முடியாது. நான் சொல்லிக் கொடுத்தேன். கேட்டிருப்பானா?"

"அவன் யார் சொல்லிடி கேட்டிருக்கான்?" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். எனக்குப் பிடிக்காத ஒருத்தி தோளில் சாய்ந்து அழ வேண்டியதாயிற்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை டின்னி ரூவா சொன்னபடி நாலு ஆண்களோடு டைக் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். கையில் சாற்றுக் குடுவை. டைக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார், மனுஷனா அவர்? நான் வெண்ணெய் உருண்டையை ஈரத் துணியில் வைத்துக்கொண்டு எதிரே போய் நின்றேன்.

"இது அவ கடைஞ்சது. என் வீட்டு மத்துல, ஆணிமேல கை வச்சுக் கடைஞ்சா. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். வேணும்னா நக்கிப் பாருங்க."

"அப்ப ஏன் கல்யாணம் வேணாங்கறா?" என்றாள் பின்னாலிருந்து ஹனோரா.

உண்மையைச் சொன்னால் அத்தனை பேரும் என் வீட்டுக்கு ஓடிப்போய் அதைத் துரத்திவிடுவார்கள். என் தம்பி போனது போனதுதான். எனக்கு அப்போது ஒரு பொய்தான் தோன்றியது.

"அவ எங்க வேணாங்கறா? நான்தான் வேணாங்கறேன். அவ வந்து என் அடுப்படியில நிக்கறதும், என் பீப்பாயைத் தொடறதும், பால் காசை அவ வாங்கி முடிஞ்சுக்கறதும்... இன்னொரு வருஷம் போகட்டும். என் வீட்டை எவளுக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரல."

 அவ்வளவு சுலபமாக நம்பிவிட்டார்கள். "அதானே பார்த்தேன்" என்றாள் ஹனோரா. "இவளை மாதிரி ஒரு நாத்தனார் இருந்தா நானும் உடம்பு சரியில்லைன்னுதான் சொல்லுவேன்." நாலு ஆண்களும் சிரித்தார்கள். டின்னி குடுவையை மூடினார். எனக்கு மானம் போனது. அவளுக்கு உயிர் மிஞ்சியது.

அதன் பிறகு மே மாதம்வரை நான் அதனோடு ஒரே கூரையின் கீழ் இருந்தேன். சமைத்துப் போட்டேன். உப்பு போடாத கிழங்கைத்தான் அது எடுக்கும், இதையெல்லாம் அப்போதுதான் கவனித்தேன். ஞாயிறு பூசைக்கு எங்களோடு வரும். எங்கள் ஊர் ஆண்கள் கோயில் வாசலுக்கு வெளியே ஒற்றை முழங்காலில் நின்று பூசை காண்கிறவர்கள். அது அவர்களோடு அங்கேயே நின்றுகொள்ளும், யாருக்குத் தெரியப்போகிறது? மாலையில் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துப் புன்னகைக்கும். அதற்கும் என்மேல் சந்தேகம் வந்துவிட்டதோ என்று கரண்டியை எடுத்துப் பானையைக் கிளற ஆரம்பிப்பேன். "என்ன அக்கா, இப்பல்லாம் என்கிட்ட பேசறதே இல்ல?" என்று ஒருநாள் கேட்டது. "தலைவலிடா" என்றேன். எழுந்துவந்து என் நெற்றியைப் பிடித்துவிட்டது. கை குளிர்ந்திருந்தது. என் தம்பி ஒருநாளும் எனக்குத் தலை பிடித்துவிட்டதில்லை. அந்த இதம் எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் அதில் பெரிய பயம்.

மே மாதத்துக்கு முந்தின மாலை, வெயில் கடல்மேல் சாய்கிற நேரம், வெண்ணெய் உருண்டையை ஒரு முட்டைக்கோசு இலையில் வைத்து அதனிடம் கொடுத்தேன். எலீஷ் என் வீட்டில் வந்து ரகசியமாகக் கடைந்து வைத்த வெண்ணெய்.

"மேட்டு வாசல்ல வச்சுட்டு வரணும்டா. நல்ல ஜனங்களுக்குப் பங்கு. என்னால ஏற முடியல, நீ தூக்கிட்டு வா."

இரும்பில்லாத எந்த வேலையையும் அது மறுத்ததில்லை. வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தது. முள்மரத்தைச் சுற்றி வட்டமாக எழும்பியிருக்கிற அந்த மண்மேட்டை நெருங்க நெருங்க அதன் நடை வேகமானது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு ஏதோ கேட்டிருக்க வேண்டும். இரண்டு கற்களுக்கு நடுவில் ஒரு வெளிச்சம், கதவிடுக்கில் தெரிகிற விளக்கைப் போல. அது வெண்ணெயைக் கீழே வைத்தது. திரும்பி என்னைப் பார்த்தது. வெளியூரில் வேலைக்கு விடப்பட்ட பிள்ளை வீட்டுக்குத் திரும்பும்போது இருக்குமே ஒரு முகம், அந்த முகம்.

"அக்கா, ரொட்டி நிஜமாவே நல்லா இருந்துச்சு" என்றது. உள்ளே ஓடிவிட்டது.

மரத்துக்குப் பின்னாலிருந்து எலீஷ் வந்தாள். கல் இடுக்கைக் காட்டினாள். துரு ஏறிப்போய்க் கத்தி அங்கேயே இருந்தது.

"துருப்பிடிச்ச கத்தி தனியாத் தாங்காது, பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கோ. நீ பிடிச்சிருக்கற வரைக்கும் மூடாது. என் குரலோ அவன் குரலோ கேட்டா உடனே நம்பிடாத. அங்க எல்லாருக்கும் எங்க முகம் இருக்கும்." உள்ளே அடி வைத்தவள் நின்றாள். "உன்னை மாதிரி சந்தேகப் பிராணியை விட்டா இந்த வேலைக்கு வேற ஆள் இல்ல."

"போடி" என்றேன். போனாள்.

வாசலை அடைத்துக்கொண்டு நின்று பிடியைப் பிடித்தேன். வெயில் போய் வானம் சாம்பலானது. கை மரத்தது. உள்ளிருந்து இரண்டு பேர் கைகோர்த்து வந்தார்கள், கார்மக்கும் எலீஷும். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. எலீஷ் என் கன்னத்தைத் தொட வந்தாள். "உன்னாலதான் கோப்னட் நாங்க பிழைச்சோம். உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. வழி விடு."

எலீஷாவது, எனக்கு நன்றி சொல்வதாவது!

"இந்தக் கத்தியைத் தொட்டுட்டுப் போங்க" என்றேன். சிரிப்பு அப்படியே நின்றது. அடுத்த கணம் அங்கே யாரும் இல்லை.

அப்புறம் ஒரு சின்னப் பையன் வந்தான். பாறையில் வழுக்கி விழுந்து முழங்கால் கிழிந்து வீட்டுக்கு வந்த அன்றைய கார்மக். அதே ரத்தம், அதே கிழிந்த சட்டை. "அக்கா, கால் வலிக்குது அக்கா. தூக்கிக்கோ அக்கா." என் ஒரு கை பிடியை விட்டே விட்டது. அம்மா செத்த பிறகு அவனைத் தூக்கி வளர்த்த கை அது, வேறென்ன செய்யும்? மறு கைதான் விடவில்லை. அந்த வயதிலும் அவன் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அழுகைச் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றது.

வெளிச்சம் சுருங்க ஆரம்பித்தது. கற்கள் ஒன்றையொன்று நெருங்கிக் கத்தியை நெரித்தன. அவ்வளவுதான், இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். எலீஷ், சீக்கிரம் வாடி என்று கத்தினேன். எங்கேயோ ஆழத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. பாட்டில்லை, குழலில்லை. யாரோ இருவர் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"ஒரு கத்தியை விட்டுட்டு வர முடியலையா உன்னால? ஒரு பிசாத்துக் கத்தி!"

"நான் அடிச்ச கத்திடி அது! உனக்கு எங்க தெரியப்போகுது அதோட அருமை?"

"ஆறு மாசமா நான் செத்துப் பிழைச்சிருக்கேன், அருமையாம் அருமை!"

"ஆறு மாசமா? ஒரு சாயங்காலம்தானே ஆச்சு?"

வாசலுக்கு வந்தவன் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "ஏய் கோப்னட், மாடு மாதிரி வழியை மறிச்சுக்கிட்டு நிக்காதடி, நகரு. பசி உயிர் போகுது." என் கையைத் தள்ளிவிட்டுக் கத்தியை அவனே பிடித்து இடுக்கிலிருந்து உருவினான். "துரு ஏற விட்டுட்டீங்களேடி பாவிங்களா" என்று சட்டையில் துடைத்தான். எங்கள் பின்னால் கற்கள் மூடிக்கொண்டன.

வீட்டுக்கு வந்ததும் பூட்ஸை நடு வீட்டில் கழற்றி எறிந்தான். காலையில் சுட்ட ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டு என்னைப் பார்த்தான். "இது ரொட்டியா, குதிரைக்கு அடிக்கற லாடமா?"

நான் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

எலீஷ் அழவில்லை. சுவரோரமாகவே நின்றிருந்தாள். மாலையில் கறந்த பால் ஒருபக்கம் இருக்க, முந்தின நாள்களின் பாலாடையைப் பீப்பாயில் ஊற்றினாள். ஆணி அறைந்த மத்தை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"கடை."

"இப்பவா? சோறு போடுங்கடி முதல்ல."

"கடைடா" என்றோம் இரண்டு பேரும்.

வாய்க்கு வந்தபடி எங்களைத் திட்டிக்கொண்டே கடைந்தான். அவன் உள்ளங்கை ஆணிமேல் இருந்தது. நாங்கள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம். வேர்வை வழிய வழியக் குத்தினான். தளும்பல் போய்த் தொப்பு தொப்பென்று சத்தம் வரும்வரை எலீஷ் அசையவில்லை. வந்த பிறகு மூடியைத் திறந்து தன் கண்ணால் பார்த்தாள். விரலால் தொட்டும் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அடுப்படி பெஞ்சுக்கு வந்து, அவனை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.